வீரவணக்கத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

கார்கில் வெற்றி நாளையும் கொடி நாளையும் மேடை போட்டு நடத்தும் தமிழகப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஜூலை 26, டிசம்பர் 7, 1971 போரின் வெற்றி நாளான டிசம்பர் 16 என்று ஆண்டுக்கு மூன்று முறையாவது உங்கள் மேடைகளில் போர் வீரர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். அந்த அக்கறைக்கு நன்றி. ஆனால் மாணவர்கள் மனப்பாடம் செய்து வந்து முழங்கும் உரைகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு வீரரின் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவரின் பெயரைப் போட்டாலும் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியிராது. இன்னுயிர் ஈந்தார், குருதி சிந்தினார், தாய்மண் காத்தார். சரி, என்னதான் செய்தார்?

இரண்டாம் லெப்டினன்ட் ராம ரகோபா ராணேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஏப்ரல், பாகிஸ்தானுடனான முதல் காஷ்மீர்ப் போர். ஜம்மு பகுதியில் நவ்ஷேராவிலிருந்து ரஜௌரிக்குப் படை முன்னேற வேண்டும். வழியெங்கும் கண்ணிவெடிகள், வெட்டிச் சாய்த்த மரங்கள். ராணே பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்தவர். வேலை தொடங்கிய அன்றே எதிரியின் குண்டுவீச்சில் அவருடைய ஆட்கள் இருவர் இறந்தார்கள், அவருக்கும் காயம். மேலே குன்றுகளிலிருந்து தோட்டாக்கள் வந்துகொண்டே இருந்தன. நிமிர்ந்து நின்று கண்ணிவெடி எடுக்க முடியாது. அவர் கண்ட வழி இது: டாங்கியின் அடியில் புகுந்து, அதோடு சேர்ந்தே ஊர்ந்து போனார். மேலே இருக்கும் ஓட்டுநருக்குக் குரல் கேட்காது என்பதால் கயிறு கட்டி, அதை இழுத்து 'நில்', 'போ' என்று சைகை கொடுத்தார். நாள்கணக்கில் இப்படியே பாதை திறந்தது. ஏப்ரல் 12 அன்று ரஜௌரி மீட்கப்பட்டது.

போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ராவை ராணே பெற்றார், உயிரோடு பெற்றார். 1994 வரை வாழ்ந்தார். உங்கள் மேடைகளில் அவர் பெயர் அபூர்வமாகவே வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். இறந்தால்தான் வீரர் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்படி நாம் பேசிவருகிறோம்.

1962 நவம்பர் 18, சீனப் போர், லடாக்கில் ரெசாங் லா கணவாய். மேஜர் சைத்தான் சிங்கின் தலைமையில் சுமார் 120 பேர். இடையில் உயர்ந்த மலைமுகடு மறித்ததால் பின்னாலிருந்த நம் பீரங்கிகளால் அவர்களுக்கு உதவ முடியவில்லை. 114 பேர் மாண்டார்கள். பிழைத்து வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. சில மாதங்கள் கழித்து, உறைந்த உடல்கள் அகழிகளிலேயே ஆயுதங்களோடு கண்டெடுக்கப்பட்ட பிறகுதான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு வந்தது. வீரத்தைப் பேசும்போது, உயிரோடு திரும்பியவனை நாம் நடத்திய விதத்தையும் சேர்த்துப் பேசலாமே.

தலைமை என்றதும் 1971 போரின்போது தரைப்படைத் தளபதியாக இருந்த சாம் மானெக்‌ஷாவின் மீசையைப் பற்றிப் பேசுகிறார்கள். 1971 ஏப்ரலில் அவர் செய்தது அதைவிடப் பெரிது. கிழக்கு வங்கத்துக்குள் (இன்றைய வங்கதேசம்) உடனே படை நடத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, இப்போது முடியாது என்று பிரதமர் இந்திரா காந்தியிடமே சொன்னார். மழை தொடங்கினால் ஆறுகள் கடலாகும். பனிக்காலம் வந்தால் சீனா பக்கத்துக் கணவாய்கள் அடைபடும். ஆகவே காத்திருக்க வேண்டும். டிசம்பரில் போர் 13 நாளில் முடிந்தது. பாகிஸ்தான் தரப்பில் சரணடைந்தவர்கள் சுமார் 93,000 பேர். இத்தனைக்கும் அந்த மனிதர் ஓய்வுக்காலத்தைக் கழித்தது நம் குன்னூரில், 2008இல் கண்மூடியது வெலிங்டனில்.

பழந்தமிழர் இதில் நம்மைவிடத் தெளிவானவர்கள். வீழ்ந்த வீரருக்கு நடும் நினைவுக்கல்லான நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் படிநிலைகளில் வாழ்த்து கடைசியில்தான் வருகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதைப் பெயரோடு சொல்கிறது. நாய்க்குக்கூட அது செய்த வேலை எழுதப்பட்டது. மேஜருக்கு நாம் அடைமொழிகளை மட்டும் கொடுத்து அனுப்புகிறோம்.

எனவே என் வேண்டுகோள் சிறியது. அடுத்த விழாவில் பத்து வீரர்களின் பட்டியல் வேண்டாம், ஒருவர் போதும். திருச்சிப் பள்ளியென்றால், கார்கில் போரில் படாலிக்கில் 1999 மே 29 அன்று வீழ்ந்த அந்த ஊர் மேஜர் சரவணனை எடுங்கள். வரைபடத்தை விரியுங்கள். எதிரி உச்சியில், நம்மவர் சரிவில், மூச்சுக்கே காற்றுப் போதாத உயரம். இந்த நிலையில் நீ என்ன முடிவெடுப்பாய் என்று மாணவர்களைக் கேளுங்கள். பதில் சொல்லத் திணறட்டும், பரவாயில்லை. ஊரில் இருக்கும் முன்னாள் படைவீரரை அழைத்தால் பொன்னாடை போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்துவிடாமல், அந்தப் பதில்களைத் திருத்தும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். தளபதிகள் செய்த தவறுகளைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டால் அதட்டி உட்கார வைக்காதீர்கள். படையில் இருந்தவர் அதற்கும் பதில் வைத்திருப்பார்.

பேச்சுப் போட்டிக்கான பரிசுப் பணத்தை இதற்கே செலவிடலாம், வேறு நிதி தேட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை