பற்றுச்சீட்டு பொய் சொல்லாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது வருடங்களாக உங்கள் ஞாயிறு இதழை வாங்கிப் படிக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். சென்ற வாரப் பொருளாதாரக் கட்டுரையில், இலங்கையைவிட இந்தியாவில் சாமான் மலிவு என்பது அங்கிருந்து பை நிறையக் கொண்டுவருகிறவர்களின் பிரமை என்றும், நாணய மாற்றைக் கணக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பிழையான கணக்கென்றால் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். பிரமை என்ற சொல்தான் மனதை நோகச் செய்தது.

ஐயா, விலை பார்ப்பதை நான் பொழுதுபோக்காகப் பழகவில்லை. 1990 ஆனி மாதம் கைக்குழந்தையோடு திருகோணமலையை விட்டு ஓடி, மன்னார்க் கரையில் வள்ளமேறி, தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பதிந்து, பிறகு திருச்சிப் பக்கம் ஒரு முகாமில் பதினான்கு வருடம் இருந்தேன். அங்கே எங்களுக்குக் கிலோ 57 பைசாவுக்கு அரிசி தந்தார்கள். அந்த 57 பைசாவை எண்ணி எண்ணிக் கொடுத்த கை இது. 2004 இல் ஊர் திரும்பினோம். என் தங்கை குடும்பம் இன்னும் அங்கேதான். அதனால் இரண்டு கரையின் விலையும் எனக்கு வீட்டுச் செய்தி.

2025 மே மாதம் தங்கையின் பேத்தியின் சாமத்தியச் சடங்குக்குப் போய், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் திரும்பினேன். கடலைக் கடக்க நான்கு மணித்தியாலம். காங்கேசன்துறையிலிருந்து வவுனியா சுற்றித் திருகோணமலை வந்துசேர அதைவிடக் கூட நேரம் பிடித்தது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற கரையில் என்ன விலை என்று கேட்பது எப்படிப் பிரமையாகும்?

வந்த மறுவாரம் நம் நகரத்துக் கடையொன்றில் ஒரு சவர்க்காரம் எடுத்தேன். தங்கை வீட்டில் தினமும் பாவித்த அதே சவர்க்காரம், அதே உறை. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 320 ரூபா. வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் எல்லா வரியும் உட்பட 42 இந்திய ரூபா என்று அச்சடித்திருந்தது. அந்த நேரம் ஒரு இந்திய ரூபாவுக்கு நம் காசு மூன்றரை. பெருக்கினால் 147. மிச்சம் 173 ரூபா எங்கே போனது?

கடைக்காரத் தம்பியிடம் போய்க் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அக்கா, நான் கொழும்பில வாங்கின பில்லைப் பாருங்கோ" என்று லாச்சியைத் திறந்து காட்டினார். அவருக்கே 290 விழுந்திருக்கிறது. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தபோது, ஸ்டிக்கரில் உள்ள விலைதான் சட்டப்படி விலை, அதற்கு மேல் வாங்கினால் மட்டும் முறைப்பாடு செய்யுங்கள் என்றார்கள். சரி என்று வைத்துவிட்டேன்.

மிச்சம் போகிற வழி உங்களுக்குத் தெரியாததல்ல. சுங்கத் தீர்வை, செஸ் என்ற மேலதிக இறக்குமதி வரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி, இரண்டரை வீதம் சமூகப் பாதுகாப்பு உதவுத்தொகை, கடைசியில் இவற்றுக்கு மேலே வற் எனப்படும் பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி முதலாம் திகதி அந்த வற் வரி 15 இலிருந்து 18 வீதமானது. இந்தியாவில் 2025 செப்டெம்பர் 22 முதல் சவர்க்காரம், பற்பசை, ஷாம்பு, தலைக்கு வைக்கிற எண்ணெய் எல்லாவற்றுக்கும் வரியை 18 இலிருந்து 5 வீதமாகக் குறைத்துவிட்டார்கள். தங்கை தொலைபேசியில் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷம். எனக்கு அழுகைதான் வந்தது. பெண்பிள்ளைகள் மாதாமாதம் பாவிக்கிற நாப்கினுக்கு அங்கே 2018 ஜூலையிலேயே சரக்கு சேவை வரியை முழுதாக எடுத்துவிட்டார்கள். இங்கே பள்ளிக்கூடத்துக்குப் போகிற பேத்தி இருக்கிற வீடுகளைக் கேளுங்கள்.

பால் கணக்கையும் சொல்கிறேன். 2025 இல் நான் போனபோது தமிழ்நாட்டில் ஆவின் நிறுவனப் பால், நீலப் பக்கெட் அரை லீற்றர், 20 இந்திய ரூபா. ஒரு லீற்றர் நம் காசில் 140. நம் வீடுகளில் பால்மாதான். 400 கிராம் பெட்டி அப்போது ஆயிரம் ரூபாவைத் தாண்டி நின்றது. அளவாகக் கலந்தால் மூன்று லீற்றர் அளவில்தான் வரும். 2022 இல் அதுகூடக் கிடைக்காமல் வரிசையில் நின்றோம். அந்த வருடம் தமிழ்நாடு கப்பலில் அனுப்பிய 500 தொன் பால்மாவும் அரிசியும் எத்தனை வீடுகளில் அடுப்பெரிய உதவின என்று உங்கள் பத்திரிகைதான் எழுதியது. நான் மறக்கவில்லை.

எல்லாமே அங்கே மலிவு என்று நான் சொல்லவில்லை. மைசூர்ப் பருப்பு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே விலை. தேயிலை நம்முடையதுதான் நல்லது, தங்கைக்கு இரண்டு கிலோ கொண்டுபோனேன். தேங்காய் 2025 இல் இரண்டு கரையிலும் கை சுட்டது. இதையெல்லாம் பார்த்து எழுதியிருந்தால் கட்டுரையாளருக்கு நானே நன்றி சொல்லியிருப்பேன்.

நாணய மாற்று என்கிறீர்கள். 2022 மார்ச்சில் நம் ரூபாவின் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்டார்கள். 200 இல் நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360 ஆனது. கடைகளில் விலை ஒரே இரவில் ஏறியது. அப்புறம் டொலர் 300 அளவுக்கு இறங்கியபோது, பழைய ஸ்டொக் முடியட்டும் என்றார்கள். அந்த ஸ்டொக் இன்னும் முடியவில்லை. பம்பாய் வெங்காயமும் அப்படித்தான். 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்திய செய்தி வந்த கையோடு இங்கே விலை ஏறியது. அடுத்த மே மாதம் தடையை எடுத்த பிறகு இறங்குவதற்கு எத்தனை வாரம் காத்திருந்தோம்!

எங்களுக்கு விலை வித்தியாசத்தைக் கடல் மட்டும் கற்றுத்தரவில்லை, ஐயா. 2006 இல் போரால் மூதூருக்கு அப்பால் பாதை பூட்டியபோது, ஒரு சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் இன்னொரு விலை. சம்பூரில் இருந்த என் மாமியார் ஒரு பெட்டி நெருப்புக்குச்சியைப் புதையல் போல ஒளித்து வைத்திருந்தார். அதே வருடம் ஏ9 பாதை மூடப்பட்டதும் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் எங்கள் துறைமுகத்திலிருந்துதான் கப்பலில் போனது. சீனியும் பால்மாவும் அங்கே என்ன விலைக்குப் போயின என்று மச்சாள் எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதையும் பிரமை என்பீர்களா?

இன்னொன்று, இது என் நெடுநாள் மனக்குறை. யப்பான்காரன் 1942 இல் தேடி வந்து குண்டு போட்ட துறைமுகம் எங்களுடையது. உலகத்தில் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். ஆனால் அந்தச் சவர்க்காரம் கொழும்பில் இறங்கி, லொறியில் ஏறி, ஹபரணை, கந்தளாய் தாண்டி 260 கிலோமீற்றர் வந்து எங்கள் கடையில் ஏறுகிறது. அந்தக் கூலியையும் நாங்கள்தான் கட்டுகிறோம். கோதுமை மட்டும் நேரே சீனக்குடாவுக்கு வந்து இங்கேயே மாவாகிறது. அப்படியிருந்தும் எங்கள் பாண் கொழும்புப் பாணைவிட ஒரு ரூபா குறைந்ததை நான் கண்டதில்லை. கொழும்பில் இருந்து எழுதுகிறவருக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். வீதியின் கடைசி முனையில் இருக்கிற எங்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது பெரிய விடயம் அல்ல. உங்கள் வாராந்தச் சந்தை விலைப் பட்டியலில் புறக்கோட்டையும் தம்புள்ளையும் மட்டும் இருக்கின்றன. திருகோணமலைக்கும் ஒரு நிரல் போடுங்கள். இடமிருந்தால் பக்கத்தில் நாகப்பட்டினம் விலையையும் நம் காசுக்கு மாற்றிப் போடுங்கள். பத்துச் சாமான் போதும். எங்கள் சந்தை விலையை வெள்ளிக்கிழமைதோறும் நானே போய் எழுதி அனுப்புகிறேன். அந்தப் பக்கத்து விலையைத் தங்கை சொல்வாள். ஒரு சதமும் தர வேண்டாம்.

உரித்த ஸ்டிக்கரையும் இரண்டு கரையிலும் வாங்கிய பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மூலப் பிரதிகள் என்னிடம் பத்திரமாக உள்ளன. கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.