ஜெர்பராவுக்கு மருந்து அடிக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் பசுமைக்குடிலில் ஜெர்பரா என்ற கொய்மலர்ச் செடி போட்டவர்கள் இலை வெளுத்தாலும் பூ தலை தொங்கினாலும் முதலில் ஓடுவது மருந்துக் கடைக்கு. இந்தக் கோளாறுகளில் பல, போர் தண்ணீரிலிருந்து வருபவை. தண்ணீரைப் பரிசோதிக்காமல் எத்தனை மருந்து அடித்தாலும் செலவுதான் மிஞ்சும்.

ஜெர்பராவின் வேர்ப்பகுதிக்கு 5.5 முதல் 6.5 வரை பிஎச் (அமில-கார அளவு) வேண்டும். நம் போர் தண்ணீரில் பைகார்பனேட் என்ற கார உப்பு கூடுதலாக இருந்தால், பாத்தியின் பிஎச் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. பழைய இலையில் இதே தோற்றம் வந்தால் மெக்னீசியம் குறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு உரம் போடுபவர்கள் அதிகம். பிஎச் 7-ஐத் தாண்டிய பாத்தியில் இடிடிஏ (EDTA) வகை இரும்பு உரம் வேலை செய்யாது, இடிடிஹெச்ஏ (EDDHA) வகை இரும்பு உரம்தான் பிடிக்கும். ஆனால் அது தற்காலிக வழி. தண்ணீரைச் சரிசெய்வதே நிரந்தர வழி.

கணக்கு எளிது. பைகார்பனேட் 300 பிபிஎம் (லிட்டருக்கு 300 மி.கி.) உள்ள 1,000 லிட்டர் தண்ணீரை 60 பிபிஎம் அளவுக்கு இறக்க, 60 சதவீத நைட்ரிக் ஆசிட் சுமார் 300 மி.லி. தேவை. ஆசிட்டைத்தான் தண்ணீரில் மெல்ல ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கலக்கிய பின் பிஎச் மீட்டரில் பார்த்த பிறகே சொட்டுநீரில் விட வேண்டும். இந்த ஆசிட்டே 55 பிபிஎம் அளவுக்குத் தழைச்சத்தை (நைட்ரஜனை) சேர்த்துவிடும் என்பதால் நைட்ரேட் உரத்தை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இலை மண்டும், பூ குறையும்.

அடுத்தது பலரும் யோசிக்காத ஒன்று: புளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பறித்த ஜெர்பரா பூவுக்கு பக்கெட் தண்ணீரில் 1 பிபிஎம் புளோரைடு இருந்தாலே கேடு. குடிநீருக்கு 1.5 பிபிஎம் வரை ஏற்கப்படுகிறது. ஆக, நாம் குடிக்கலாம் என்ற தண்ணீரும் இந்தப் பூவுக்கு ஆகாமல் போகலாம். இதழ் நுனி பழுப்பாகிக் கருகும், பூ சீக்கிரம் வாடும். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இலைப்பேன் சேதம் செடியில் இருக்கும்போதே இதழில் வெள்ளிக்கோடாகத் தெரியும். புளோரைடு கருகல் பறித்த பிறகே தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரே நாளில் ஒரே பாத்தியில் பறித்த பூக்களில் பாதியைப் போர் தண்ணீரிலும் பாதியை மழைநீரிலும் வைத்து இரண்டு, மூன்று நாள் பாருங்கள். மழைநீரில் உள்ளவை மட்டும் நன்றாக இருந்தால் கோளாறு தண்ணீரில்தான்.

மழைநீர் எங்கே கிடைக்கும் என்று கேட்க வேண்டியதில்லை. 1,000 சதுர மீட்டர் குடிலின் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததைத் தொட்டியில் பிடித்து வெயில் படாமல் மூடி வைக்கலாம். பக்கெட்டுக்கு 50 பூ, 3 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 1,000 பூவுக்கு 60 லிட்டரே போதும். ஊர் குடிநீர்க் குழாயை இதற்குத் திறப்பது நியாயமல்ல.

தலை தொங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. நடுவட்டத்தின் வெளிப்புறச் சிறுபூக்கள் இரண்டு சுற்று விரியும் முன் பறித்தால் காம்பு முற்றியிருக்காது. கத்தியால் அறுக்காமல், காம்பை அடியில் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்து இழுக்க வேண்டும். பிறகு அடிப்பகுதியில் 2 முதல் 3 செ.மீ. வெட்டிவிட வேண்டும். அந்தக் கெட்டியான அடி தண்ணீர் இழுக்காது. தண்ணீரின் ஆழம் 5 முதல் 7 செ.மீ. போதும், கூடினால் ரோமம் நிறைந்த காம்பு அழுகும். பாக்டீரியா அடைப்பைத் தடுக்க 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் லிட்டருக்கு 1 மி.லி. கலக்கலாம். காரத்தன்மை கூடிய தண்ணீரில் குளோரினின் வேகம் குறையும் என்பதால் இதற்கும் மழைநீரே நல்லது.

நடவில் ஒன்றே ஒன்று: குருத்து மண்மட்டத்துக்கு 1 முதல் 2 செ.மீ. மேலே நிற்க வேண்டும். புதைந்தால் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரியால் அழுகல் வரும், பிறகு அந்தச் செடியைப் பிடுங்கி எறிவதைத் தவிர வழியில்லை. காலையிலேயே நீர் பாய்ச்சி, மாலைக்குள் இலை காயும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

புளோரைடு அளவை தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தெரிந்துகொள்ளலாம். பாசன நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும் இடத்தில் பிஎச், இசி (கரைந்த உப்பின் அளவு) ஆகியவற்றோடு பைகார்பனேட்டையும் கேட்டு வாங்குங்கள். தோட்டக்கலைத் துறை, குடிலுக்கு மானியம் கொடுக்கும்போதே இந்தப் பரிசோதனை முடிவையும் விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்ல வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பசுமைக்குடில் மலர் சாகுபடியாளர்கள்,
தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்