தோணியும் சங்கும் காய்ந்து கரைசேர உதவிய அனைவருக்கும்

தூத்துக்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கும் என் அன்பானவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறன்று கோவில் வளாகத்தில் நாங்கள் நடத்திய குக்கீ விற்பனை மதியத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. கிடைத்த பணத்தில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகங்களும் ஓர் அலமாரியும் வாங்கியாயிற்று. வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. விற்பனை மேசையில் நின்றவள் நான் என்பதால் பாராட்டெல்லாம் என்னிடமே வந்து சேர்ந்தது. அதை உரியவர்களிடம் ஒப்படைக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

பனிமனிதன், கலைமான் வடிவக் குக்கீகள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். நம் கடற்கரையைச் செய்யுங்கள் என்று சொன்னவர்கள் அந்தப் பிள்ளைகள்தாம். தோணி, வள்ளம், சங்கு, முத்துச்சிப்பி, உப்பு அம்பாரம், பனிமய மாதா கோவிலின் முகப்பு என்று அவர்களே பட்டியலும் போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகளே, முதல் நன்றி உங்களுக்கு.

இந்த உருவங்களுக்கு எந்தக் கடையில் அச்சு கிடைக்கும்? தகரப் பட்டறை அண்ணாச்சி, உங்களிடம் காகிதத்தில் வரைந்து கொடுத்தோம். மாவு வெட்டும் விளிம்பைக் கூராக விட்டு, உள்ளங்கை படும் மேல் விளிம்பை மடித்துக் கொடுத்தீர்கள். பாய்மரம் தனியாக ஒல்லியாக நீண்டிருந்தால் சுட்ட பிறகு ஒடியும் என்று, மரத்தையும் பாயையும் ஒரே உருவமாகச் சேர்த்து வளைத்தீர்கள். கூலி என்று கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

மாவு பிசைவது இந்த வேலையில் எளிதான பகுதி. 400 கிராம் மைதாவுக்கு 225 கிராம் வெண்ணெய், 200 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, கொஞ்சம் வெனிலா எசன்ஸ். பேக்கிங் பவுடர் சேர்த்தால் குக்கீ உப்பி, கோபுரத்தின் முனைகள் மழுங்கிவிடும், ஆகவே சேர்ப்பதில்லை. அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் தேய்த்து, வெட்டிய வடிவங்களை நன்றாகக் குளிரவைத்தே ஓவனுக்குள் தள்ள வேண்டும். அதற்காகத் தன் ஃபிரிட்ஜில் இருந்த மீனையெல்லாம் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு இடம் கொடுத்த என் மைனிக்கு அன்பும் நன்றியும்.

ராயல் ஐசிங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குக்கீயின் மேல் பூசி அலங்கரிக்க, முட்டையின் வெள்ளைக்கருவும் ஐசிங் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் குழைவு அது. காய்ந்தால் ஓடு போல இறுகும்; அப்படி இறுகினால்தான் குக்கீகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பெட்டியில் வைக்க முடியும். ஆனால், பச்சை வெள்ளைக்கருவைச் சூடேற்றாமல் பயன்படுத்தினால் சால்மோனெல்லா கிருமி வரக்கூடும். சின்னக் குழந்தைகள் சாப்பிடப் போகிற பண்டம் இது. மக்ரூன் மாஸ்டர், கிருமி நீக்கிய வெள்ளைக்கருப் பவுடரை வரவழைத்துக் கொடுத்து, தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டிச் சேர்க்கும் பக்குவத்தையும் நீங்கள்தாம் காட்டினீர்கள். முந்திரியும் சர்க்கரையும் வெள்ளைக்கருவும் உங்கள் கையில் பழகிய அளவுக்கு இந்த ஊரில் வேறு யாரிடமும் பழகியிருக்காது என்பது என் எண்ணம். பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கக் கூடாது என்று எலுமிச்சைச் சாற்றால் துடைக்கச் சொன்னீர்கள். மக்ரூனுக்குக் காற்று நிறைய ஏற வேண்டும், இதற்கு ஏறக் கூடாது, அதனால் மெதுவாக அடியுங்கள் என்று நீங்கள் எச்சரித்தது எத்தனை சரி! காற்றேறிய ஐசிங்கைக் குக்கீயில் பரப்பினால் குமிழிகள் மேலே வந்து வெடித்து, அம்மைத் தழும்பாக நிற்கும்.

அடுத்தது தண்ணீர். ஓரக்கோடு போடும் ஐசிங் கெட்டியாக இருக்க வேண்டும். உள்ளே நிரப்பும் ஐசிங்கில் கத்தியால் ஒரு கோடு கிழித்தால், பதினைந்து இருபது எண்ணுவதற்குள் கோடு மறைந்து பரப்பு மட்டமாக வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து இந்தப் பதத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மருதாணி போடும் தங்கைகள். பைப்பிங் கவரும் நாசிலும் போதாமல் தவித்த நேரத்தில், மருதாணிக் கூம்பு சுற்றும் தாளிலேயே புதுக் கூம்புகளைச் சுற்றி, நுனியை மயிரிழை அளவுக்கு வெட்டிக் கொடுத்தீர்கள். கூம்பின் முனையைக் குக்கீயில் தேய்க்காமல், சற்று உயர்த்திப் பிடித்துக் கோடு தானாக விழும்படி நகர்த்துகிற உங்கள் கை இருந்ததால்தான் தோணியின் கயிறுகள் கயிறுகளாகவே தெரிந்தன. கல்யாண சீசனில் வருமானத்தை விட்டுவிட்டு வந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும் தங்கச்சிகளா.

இப்போது உப்பளத்து அக்காவுக்கு. அக்கா, நீங்கள் இல்லாமல் இந்த விற்பனையே இல்லை.

டிசம்பர் நம் ஊரில் மழைக்காலம். ஐசிங் காய்வதென்றால் அதிலுள்ள நீர் காற்றுக்குப் போவது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அது எங்கே போகும்? மேலே பிசுபிசுப்பு நிற்கும், சிவப்பு வள்ளத்தின் சாயம் பக்கத்து வெள்ளைக்குள் கசியும். நீங்கள் என் சமையலறைக்கு வந்து ஐசிங்கைப் பார்க்கவில்லை, கல் உப்பு ஜாடியைத்தான் திறந்து பார்த்தீர்கள். உப்பு வியர்த்திருந்தால் சர்க்கரை வேலையைத் தொடாதே என்றீர்கள். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: காற்றின் ஒப்பீரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்பாகவே வியர்த்துவிடும். ஆயுளெல்லாம் பாத்தியில் நின்று நீங்கள் படித்த காற்றின் கணக்கு அது. ஈரமான கொண்டல் காற்று அடித்த நாட்களில் குக்கீகளைச் சுட மட்டும் செய்தோம். வானம் தெளிந்து உப்பு உதிரியாக இருந்த நாட்களில் ஐசிங் போட்டோம். அம்பாரக் குக்கீகளில் வெள்ளை ஐசிங் ஈரமாக இருக்கும்போதே பெரும் பரல் சர்க்கரையைத் தூவச் சொன்னதும் நீங்கள்தாம். வெயிலில் அது அசல் உப்பாகவே மின்னியது.

அப்படியும் இரவுகளை நம்ப முடியவில்லை. தன் கணினிப் பயிற்சி மையத்தின் ஏசி அறையைப் பூட்டுச் சாவியோடு கொடுத்த தம்பிக்கு நன்றி. நிரப்பியவுடன் டேபிள் ஃபேன் காற்றில் வைத்தால் மேற்பரப்பு சீக்கிரம் இறுகிப் பளபளப்பு வரும், சின்னச் சின்னப் பகுதிகள் குழிந்து போகாது. பிறகு இரவு முழுவதும் ஏசி. ஃபேன்கள் வந்தது நம் தெருவின் பல வீடுகளிலிருந்து. அந்தப் புழுக்கத்தில் ஃபேனைக் கழற்றிக் கொடுப்பது சாதாரண உதவியா!

சங்கு குளித்த பெரியவருக்கு ஒரு தனி வணக்கம். ஐயா, பிள்ளைகள் வரைந்த சங்குகளை வரிசையாக வைத்தபோது நீங்கள் ஒன்றைத் தனியே எடுத்து, படம் இடவலம் மாறியிருக்கிறது, இது வலம்புரி என்றீர்கள். கடலில் ஒன்று கிடைப்பதே அரிது என்று விளக்கி, அதையும் விட்டுவைக்கச் சொன்னீர்கள். அந்த ஒரு வலம்புரியை எந்தப் பெட்டிக்குள் வைத்தோம் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஒரு சின்னப் பெண் தன் பெட்டியைத் திறந்து அதைக் கண்டுபிடித்துவிட்டு உங்களைத் தேடி ஓடிவந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

பெட்டி ஒட்டியவர்கள், பட்டர் பேப்பர் வெட்டியவர்கள், மேசை சுமந்த இளைஞர்கள், சில்லறை மாற்றிக் கொடுத்த கடைக்காரர்கள், வாங்கிச் சென்ற ஒவ்வொரு குடும்பமும் என் நன்றியில் இருக்கிறீர்கள்.

அச்சுகளைக் கழுவித் துடைத்து, துருப்பிடிக்காமல் அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். அவை பொதுச் சொத்து. பிறந்தநாளோ பள்ளி விழாவோ, யார் கேட்டாலும் தருவேன், கூட வந்து ஐசிங்கும் போட்டுத் தருவேன். பெயர் எழுதாத இரண்டு டேபிள் ஃபேன்களும் ஒரு பித்தளைத் தாம்பாளமும் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காபி குடித்துவிட்டுப் போகலாம்.

மிக்க அன்புடன்,
உங்கள் குக்கீ அக்கா