நேரலை மட்டும் மேய்ப்புப் பணி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கத்தால் ஆலயங்கள் பூட்டப்பட்டு, அவ்வாண்டின் குருத்தோலை ஞாயிறும் ஈஸ்டரும் வீட்டுக்குள்ளேயே கழிந்தபோது யூடியூப் நேரலையில் ஆராதனை நடத்தக் கற்றுக்கொண்ட சபைகளில் பல, இன்றும் அதைத் தொடர்கின்றன. படுக்கையிலிருக்கும் முதியோருக்கும், ஞாயிறு வேலைநாளான குவைத், கத்தார் போன்ற நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது பேருதவிதான். ஆனால், ஒளிபரப்பு தொடங்கியதோடு, சபையாரை விசாரித்துப் பேணும் மேய்ப்புப் பணியும் நடந்துவிடுவதாகச் சபை நிர்வாகங்கள் எண்ணுவது சரியன்று.

நான் பார்த்த நேரலைகள் பலவற்றில் காணிக்கைக்கான க்யூஆர் கோடு ஆராதனை முடியும்வரை திரையில் நிற்கிறது. ஆயரை அழைப்பதற்கான எண்ணைக் காணோம். “மகனுக்கு நாளை ஆபரேஷன், ஜெபியுங்கள்” என்று ஒருவர் இடும் வரி, அடுத்தடுத்து வந்து விழும் ஆமென்களுக்கிடையே மேலேறி மறைந்துவிடுகிறது. அன்று மாலை அந்த வீட்டாரிடம் யாரேனும் பேசினார்களா என்று விசாரிக்க ஆளில்லை. ஊர்ச்சபைகளில், தொடர்ந்து கோயிலுக்கு வராதவரை உபதேசியார் வீடு தேடிச் சென்று விசாரிப்பார். பார்வையாளர் எண்ணிக்கையோ, யார் வரவில்லை என்பதைச் சொல்வதில்லை.

வாட்ஸ்அப் ஜெபக்குழுக்கள் குறித்தும் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் நோயும் ஒரு குடும்பத்தின் கடனும், அவர்களைக் கேட்காமலே ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நூற்றுக்கணக்கானோரின் கைபேசிகளுக்குப் போய்விடுகின்றன. அப்படியானால் அடுத்தமுறை ஆயரிடம் யார் மனம் திறப்பார்?

தொலைவிலிருந்து சபையைப் பேணுவது புதிதன்று. பவுல் அப்போஸ்தலர், தாம் அதுவரை போயிராத ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தொடங்கி இருபதுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லியே வாழ்த்துகிறார். யோவானோ தம் நிருபத்தில், காகிதத்தாலும் மையாலும் எழுத மனமில்லை, நேரில் வந்து முகமுகமாய்ப் பேசுவேன் என்கிறார். (அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து இணையத்தில் செல்லுமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை, இணையத்தில் திருவிருந்து போன்ற திருவருட்சாதனங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002-இலேயே சொல்லிவிட்டது.)

எனவே, அடுத்த கேமராவுக்குப் பணம் ஒதுக்குமுன், பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரு பொறுப்பாளர் என நியமித்து, வெளியூரில் இருப்போரிடமும் வாரம் ஒருமுறை பேச நிர்வாகங்கள் ஏற்பாடு செய்யட்டும். ஒருவரின் ஜெபக்குறிப்பை அவரது சம்மதமின்றிக் குழுவில் இடக்கூடாது என்று ஆயர்கள் பீடத்திலிருந்தே அறிவிக்கட்டும். நேரலையைக் காரணங்காட்டி, நோயாளிகளின் வீடுகளுக்குத் திருவிருந்து கொண்டுசெல்வதை நிறுத்திய சபைகள் அதை உடனே மீண்டும் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருவர்,
பாளையங்கோட்டை.