பட்ட தென்னையை கொஞ்சம் விட்டு வைங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க இணைப்புல மரங்கொத்தி பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முதுமலை, டாப்சிலிப்னு போனாதான் அதை பாக்க முடியும்ங்கிற மாதிரி எழுதியிருந்தாங்க, அதான் இந்த லெட்டர். எங்க பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் காலைல ஒரு ரவுண்டு வாங்க சார், பொன்முதுகு மரங்கொத்தி யாரோ சத்தமா சிரிக்கிற மாதிரி கத்திக்கிட்டு மரத்துக்கு மரம் தாவும். முழு கொண்டையும் செவப்பா இருந்தா ஆண், நெத்தியில கருப்பும் வெள்ளை புள்ளியும் இருந்து பின்னாடி மட்டும் செவப்புன்னா பொண்ணு. வாலை மரத்துல அழுத்தி ஊனிக்கிட்டு ஏறும், நாம பாக்குறோம்னு தெரிஞ்சா நைசா மரத்துக்கு அந்தப் பக்கம் போயிடும், பெரிய கில்லாடி.

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்க தெருவுல ஒரு தென்னை பட்டுப்போய் நின்னுச்சு, அதுல ஒரு ஜோடி பொந்து போட்டுச்சு, கீழ எல்லாம் மரத்தூளா கெடந்துச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் "இன்னாம்மா, கொத்தி கொத்தி மரத்தையே சாவடிச்சிடுச்சே"ன்றாரு. அது சாவடிக்கல அண்ணே, காண்டாமிருக வண்டு குருத்தை தின்னு, கூன்வண்டு புழு தண்டை தின்னு மரம் ஏற்கனவே போயாச்சு, உளுத்த மரம்தான் கொடையறதுக்கு வசதி, அதுக்குத்தான் இது வந்துச்சு. எறும்பு, வண்டுப் புழு, இதான் அதோட முக்கிய சாப்பாடு, நீள நாக்கை பொந்துக்குள்ள விட்டு இழுத்துடும்.

அவ்ளோ சொல்லியும், பட்ட மரம் வாசல்ல நிக்கக்கூடாதுன்னு ஆளை கூட்டியாந்து அடியோட அறுத்துட்டாங்க. எனக்கு கோவம் அதுலதான். மரங்கொத்தி விட்டுட்டுப் போற பொந்துலதான் மைனா, கிளி, குண்டுகரிச்சான், புள்ளி ஆந்தை எல்லாம் குடும்பம் நடத்துதுங்க, அதுங்களுக்கு சொந்தமா மரத்தை கொடைய வராது. 2016 வர்தா புயல்ல சென்னை முழுக்க எவ்ளோ பெரிய மரம் சாஞ்சுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், மிச்சம் இருக்கிறதையும் நாமளே அறுத்தா எப்படி? கரண்ட் வயர் மேலயோ வீட்டு மேலயோ சாயுற மரம்னா வெட்டத்தான் வேணும், நான் வேணாம்னு சொல்லல. அப்பவும் தலையை மட்டும் எடுத்துட்டு ஒரு பத்தடி தண்டை விடலாமே, அதுவும் முடியாதுன்னா பிப்ரவரிலேந்து ஜூலை வரைக்கும், அதாவது குஞ்சு பொரிக்கிற சீசன்ல, பொந்துக்குள்ள யாராவது இருக்காங்களான்னு பாத்துட்டு ரம்பத்தை எடுங்க.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகி