பழைய வண்ணாரப்பேட்டைல நம்ம காலேஜ் பசங்களுக்கு ஒரு படிப்பகம்: நன்கொடை வேண்டுகோள்

அண்ணன்களே, அக்காங்களே, நம்ம காலேஜ்ல படிச்சுட்டு இப்ப எங்கெங்கயோ வேலை பாக்குற தோழர்களே, எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றோம். எம்.சி. ரோட்டுக்குப் பின்னாடி தெருவுல முதல் மாடி ஒண்ணு பாத்து வெச்சிருக்கோம், அத காலேஜ் பசங்க உக்காந்து படிக்கிற எடமா மாத்தணும், அதுக்கு உங்க காசு வேணும்.

ஏன் திடீர்னு இதுன்னு கேப்பீங்க. போன கல்வியாண்டு நடுவுல நிர்வாகம் ஒரு சர்க்குலர் ஒட்டிச்சு. ரெண்டாம் ஷிஃப்ட் ஐடி கார்டு வெச்சிருக்கவங்க மதியம் பன்னண்டரைக்கு முன்னாடி கேட்டுக்குள்ள வரக்கூடாது, முதல் ஷிஃப்ட் பசங்க கிளாஸ் முடிஞ்சதும் வெளிய போயிடணும், லைப்ரரி அவங்கவங்க ஷிஃப்ட் நேரத்துக்கு மட்டும், கிரவுண்டு நாலு மணிக்குப் பூட்டு, கலைவிழா இந்த வருஷம் கெடையாது. அவ்ளோதான். ஒரு பையன கூப்பிட்டு, ஒரு பொண்ண கூப்பிட்டு, இது உங்களுக்கு ஒத்து வருமான்னு யாரும் கேக்கல. நோட்டீஸ் போர்டுல பாத்துதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. காலேஜ் பேர இங்க போடல, அங்க இப்ப படிக்கிறவங்களுக்கு டிசி குடுத்துருவாங்களோன்னு பயம் இருக்கு, நம்ம ஆளுங்களுக்கு எந்த காலேஜ்னு தெரியும்.

கொருக்குப்பேட்டை தம்பி ஒருத்தன், பி.காம். ரெண்டாம் ஷிஃப்ட். விடியக்காலைல காசிமேடு ஏலத்துல ஐஸ் பெட்டி தூக்குறான், எட்டு மணிக்கெல்லாம் வேலை முடிஞ்சிடும். வீட்டுக்குப் போனா ஒத்த ரூம், அப்பா நைட் டியூட்டி முடிச்சு வந்து படுத்திருப்பாரு, லைட்டு போட முடியாது. முன்னாடிலாம் நேரா லைப்ரரிக்கு வந்துருவான். இப்ப வாட்ச்மேன் கார்டு கலர பாத்துட்டு அப்புறம் வாப்பான்னு அனுப்பிடறாரு, அவர சொல்லி குத்தமில்ல, மேல சொன்னத செய்யிறாரு. அதனால எதிர்ல டீக்கடை ஓரமா நிக்கிற வண்டி சீட்டு மேல காஸ்ட் அக்கவுண்டிங் புக்க விரிச்சு வெச்சு, நின்னுக்கிட்டே கால்குலேட்டர் தட்டுறான், கைல மீன் வாசனை கூட போயிருக்காது, வண்டிக்காரரு வந்து சாவி போட்டா புக்க தூக்கிட்டு அடுத்த வண்டிக்குப் போவான். பொம்பளப் பிள்ளைங்களுக்கு அந்த வண்டி சீட்டும் கெடையாது. அவங்க வீட்டுக்குப் போயாகணும், வீட்டுக்குப் போனா தண்ணி பிடி, தம்பிய பாரு, சோறு வடி, அதோட அன்னைக்குப் படிப்பு முடிஞ்சுது.

நிர்வாகத்து பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறோம். எந்த பஸ் ரூட்டு பசங்க கெத்துன்னு மோதுற ரூட்டு சண்டை, பஸ் மேல ஏறிக் கொண்டாடுற பஸ் டேன்னு நம்ம பக்கத்துப் பசங்க பண்ணதுல பஸ் கண்ணாடி ஒடைஞ்சிருக்கு, பட்டாக்கத்தியோட பிடிபட்டவங்க இருக்காங்க, பஸ்ல போற ஜனங்க பயந்தது நெஜம். கூட்டம் சேந்தா பிரச்சனைன்னு ஒரு பிரின்சிபால் யோசிக்கிறது புரியுது. ஆனா லைப்ரரிய பூட்டி கிரவுண்ட பூட்டி கலைவிழாவ நிறுத்துனா பசங்க எங்க போவாங்க, ரோட்டுக்குத்தான் வருவாங்க, பஸ் ஸ்டாண்டுலதான் நிப்பாங்க. சண்டை நடக்குற எடமே அதுதானே? கபடி ஆடிட்டு இருக்கறவன், நாடகத்துக்கு ரிகர்சல் பண்றவன், அவனுக்கு ரூட்டு தலையா, அதாவது ஒரு பஸ் ரூட்டு பசங்களுக்குத் தலைவனா, சுத்த ஏது நேரம்?

முறையா பேசிப் பாக்கலயான்னா, பாத்தாச்சு. யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, 2023ல மாணவர் குறைதீர்ப்புக்குன்னு விதி போட்டிருக்கு, ஒவ்வொரு காலேஜ்லயும் அதுக்குக் கமிட்டி இருக்கணும், மாணவர் சார்புல ஒருத்தர் சிறப்பு அழைப்பாளரா உக்காரணும், புகார் வந்து 15 வேலை நாளுக்குள்ள அறிக்கை குடுக்கணும், அதுல திருப்தி இல்லனா 15 நாளுக்குள்ள குறைதீர்ப்பாளர் கிட்ட மேல்முறையீடு போகலாம். இதெல்லாம் பசங்களுக்கு எடுத்துச் சொல்லி மனு எழுதிக் குடுத்தோம். பரிசீலிக்கிறோம்னு ஒரு லெட்டர் வந்துச்சு, அதோட நிக்குது. மாணவர் பேரவைத் தேர்தலுக்கும் லிங்டோ கமிட்டி சொன்னத 2006லயே சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சு, கிளாஸ் தொடங்கி 6லேருந்து 8 வாரத்துக்குள்ள தேர்தல் நடக்கணும், ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக்கூடாதுன்னு எல்லாம் தெளிவா இருக்கு. நம்ம காலேஜ்ல இப்ப இருக்க பசங்க ஒரு தேர்தல கூட பாத்ததில்ல. பேரவைன்னு ஒண்ணு இருந்திருந்தா அந்த சர்க்குலர் ஒட்டறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிருக்கலாம்.

மேல யுனிவர்சிட்டிக்குப் போகலாம்னா அங்க நெலமை உங்களுக்கே தெரியும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல ஆரம்பிச்சது, அங்கயே 2023 ஆகஸ்ட்ல துணைவேந்தர் பதவிக்காலம் முடிஞ்சு வருஷக்கணக்கா ஆள் போடாம ஒருங்கிணைப்புக் குழு வெச்சு ஓட்டுனாங்க, 2024ல வருமான வரித்துறை பேங்க் கணக்குகள முடக்கி சம்பளம் பென்ஷன் வரைக்கும் சிக்கலாச்சு. தலைமை இல்லாத எடத்துல நம்ம லைப்ரரி நேரத்த யார் போய் கேக்கறது. மேல்முறையீட்ட விடப்போறதில்ல, அது ஒரு பக்கம் நடக்கும். ஆனா செமஸ்டர் எக்ஸாம் அதுக்காகக் காத்திருக்காது.

நம்ம ஏரியாவுக்கு இது புதுசும் இல்ல. இந்தியாவுலயே முதல்ல முறையா அமைஞ்ச தொழிற்சங்கம், 1918ல சென்னைத் தொழிலாளர் சங்கம், நம்ம பெரம்பூர் மில்லு ஆளுங்கள வெச்சுதான் ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் தெருவுக்குத் தெரு படிப்பகம், இரவுப் பாடசாலைன்னு ஜனங்களே சந்தா போட்டு நடத்துனாங்க, அதுல படிச்சு கவர்மென்ட் வேலைக்குப் போனவங்க இந்தக் குழுவுலயே இருக்கோம். கொளத்தூர்ல 2024 நவம்பர்ல அரசு முதல்வர் படைப்பகம்னு, உக்காந்து படிக்கவும் வேலை பாக்கவும் ஒரு எடம் தொறந்துச்சு, அந்த மாதிரி எடம் ஒண்ணு நடக்குற தூரத்துல இருந்தா எப்படி இருக்கும்னு பசங்க கேட்டதுலதான் இந்த யோசனையே வந்துச்சு.

கணக்கு இதுதான். வீட்டுக்காரரு அட்வான்ஸ் 80,000 கேக்கறாரு, வாடகை மாசம் 12,000, ஒரு வருஷத்துக்கு சேத்து வெச்சுட்டுத்தான் தொறக்கணும்னு முடிவு பண்ணிருக்கோம், ரெண்டு மாசம் நடத்திட்டு மூடுனா பசங்க மனசு ஒடைஞ்சிடும். நாப்பது பேரு உக்கார மேஜை பெஞ்சுக்கு 60,000, ஃபேன் லைட்டு இன்வெர்ட்டருக்கு 45,000, பொண்ணுங்களுக்குத் தனி டாய்லெட்டும் தண்ணி லைனும் போட 25,000. எல்லாம் சேத்து 3,54,000 ரூபா. குழுவுல இருக்கவங்க 90,000 போட்டாச்சு, மீதி 2,64,000 வேணும். கரண்ட் பில்லு நாங்க மாசாமாசம் பிரிச்சுக்கறோம். டாய்லெட்ட மட்டும் யாரும் வீண் செலவுன்னு சொல்லிடாதீங்க, அது சரியா இல்லனா பொண்ணுங்க ஒருத்தர் கூட வரமாட்டாங்க.

மொதல்ல காலைல எட்டுலேருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் தொறந்திருக்கும், எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் வரலாம், பீஸ் கெடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல குழுவுல ஒரு அக்கா கண்டிப்பா இருப்பாங்க. நேரத்த மாத்தணுமா, என்ன புக்கு வாங்கணும், சனிக்கிழம நாடக ரிகர்சலா கேரம் போர்டாங்கறத பசங்களே ஓட்டு போட்டு முடிவு பண்ணுவாங்க. ரூட்டு பேரு, கட்சிக் கொடி ரெண்டும் படி ஏறக்கூடாது. பேனர்ல போட்டோ போட்டாதான் பணம் குடுப்பேன்னு ஒருத்தர் பெரிய தொகையோட வந்தாரு, வேணாங்கண்ணான்னு சொல்லிட்டோம்.

நூறு ரூபா குடுத்தாலும் ரசீது உண்டு, வரவு செலவு மாசம் ஒண்ணாந்தேதி படிப்பகச் சுவத்துலயும் நம்ம வாட்ஸ்அப் குரூப்லயும் போடுவோம். ட்ரஸ்டா பதிவு பண்ணல, அதனால 80ஜி வரி விலக்கு கெடைக்காது, தெரிஞ்சே குடுங்க. பொருளாளர் ஜிபே நம்பர் குரூப்ல பின் பண்ணிருக்கோம், அது தவிர வேற எந்த நம்பருக்கும் அனுப்பாதீங்க. அட்வான்ஸ இந்த மாசக் கடைசிக்குள்ள குடுக்கலனா வீட்டுக்காரரு குடோனுக்கு விட்டுருவாரு, ஜவுளிக்காரங்க ஏற்கனவே வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க.

காசு இல்லாதவங்க பழைய டிகிரி புக்கு, டிஎன்பிஎஸ்சி புக்கு குடுங்க. கார்பென்டர் வேலை, வயரிங் வேலை தெரிஞ்சவங்க ஒரு ஞாயித்துக்கிழமை வந்து கை குடுத்தீங்கன்னா கூலி மிச்சம், சாப்பாடு எங்க பொறுப்பு, குரூப்ல பேரு மட்டும் போட்டுடுங்க.