முட்டத்து வீட்டுக்கு எந்தப் பலகை

மினியாப்பொலிஸ்,
ஜூன் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அம்மைக்கும் மைனிக்கும் என் அன்பு. முட்டத்து வீட்டின் மேற்குப் புறத்தில் பலகை அடித்து சிட்-அவுட் இறக்கலாமா, அதற்குத் தேக்கா காம்போசிட்டா என்று கேட்டிருந்தீர்கள்.

இங்கே அதற்கு டெக் என்று பெயர். நம் திண்ணை தெருவைப் பார்த்து இருக்கும். இவர்களுடையது வீட்டுக்குப் பின்னால், தெருவுக்கு முதுகு காட்டி இருக்கும். கோடை வந்துவிட்டால் சாப்பாடு, பேச்சு எல்லாம் அதில்தான்.

காம்போசிட் என்பது மேலே மிதிக்கிற பலகை மட்டும். மரத்தூளும் பாலிஎத்திலீனும் சேர்த்து உருக்கி அழுத்தியது; பாரம் தாங்கும் வேலைக்கு ஆகாது. அடியிலுள்ள உத்தரமும் சட்டமும் இங்கேயும் மருந்தேற்றிய பைன் மரம்தான். 12க்கு 16 அடி டெக் என்றால், 16 அங்குலத்துக்கு ஒன்றாக 13 சட்டம், மேலே 16 அடிப் பலகை 26. காம்போசிட்டை மூலைவாட்டமாகப் போட்டால் 12 அங்குலத்துக்கு ஒரு சட்டம் வேண்டும், 17 ஆகிவிடும். இந்த இடைவெளியில் கஞ்சத்தனம் செய்தால் வெயிலில் பலகை தொய்யும்.

கால்குழி இங்கே மூன்றரை அடி. மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பி, ஆழம் குறைந்த தூணை மேலே தள்ளிவிடும். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் டெக்கைச் சுவரோடு பிடிக்கும் சட்டத்தை மட்டும் ஆணியில் நம்பாதீர்கள்; அரை அங்குல போல்ட் வேண்டும், அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இறங்காமல் தகடு மடித்து வைக்க வேண்டும். டெக் இடிந்து விழுந்தது என்றால் பெரும்பாலும் இந்த இடம்தான் விட்டிருக்கும்.

இனி பலகை. மரம் ஈரத்துக்கு அகலத்தில் உப்பும். காம்போசிட் சூட்டுக்கு நீளத்தில் நீளும். பதினாறு அடிப் பலகை குளிருக்கும் கோடைக்கும் இடையில் கால் அங்குலத்துக்கு மேலேயே ஓடும். முனையோடு முனை ஒட்டி அடித்தால் வெயிலில் வில்லாக வளையும். காம்போசிட்டுக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் பூசும் வேலை இல்லை. ஆனால் மரத்தில் கீறல் விழுந்தால் இழைத்து விடலாம். காம்போசிட்டில் மேல்தோல் போனால் போனதுதான். இங்கே பனி தள்ள இரும்பு மண்வெட்டி எடுத்துக் கெடுப்பவர்கள் நிறைய. பூசணம் பிடிக்காது என்பதும் கடைக்காரன் பேச்சு. சந்தில் சருகு அடைந்தால், அடியில் காற்று ஓடாவிட்டால் கறுக்கத்தான் செய்யும்.

நம் ஊருக்கு வருகிறேன். கரும்பழுப்புக் காம்போசிட் மதிய வெயிலில் தோசைக்கல் மாதிரி. இங்கே செருப்போடு நடக்கிறார்கள். நம் வீட்டில் அம்மை வெறுங்காலில் நடப்பாள். காம்போசிட் வேண்டாம் என்பதற்கு அது போதும் எனக்கு. அதோடு அங்கே ஒரு பலகை கெட்டால் அதே நிறத்தில் மாற்றுப் பலகை தேடி அலைய வேண்டும்.

தேக்கு வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். வள்ளம் செய்யும் அயனி மரமே போதும், நடுவிலுள்ள கெட்டியான வைரம் மட்டும். ஓரத்தில் வெளிறிய வெள்ளைப் பகுதி இருந்தால் சிதல் அங்கிருந்துதான் ஏறும். ரப்பர் மரத்தை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் கேட்கவே கேட்காதீர்கள். காய்ந்த பலகை என்றால் இடையில் கால் அங்குலம் சந்து விடச் சொல்லுங்கள். இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊர், பலகை உப்பினால் ஒன்றையொன்று தள்ளும். தூண் மண்ணைத் தொடக்கூடாது, கான்கிரீட் கட்டையில் தூணின் அடியைப் பிடிக்கும் இரும்புச் செருப்பு வைத்து நிறுத்த வேண்டும். அறுத்த முனை ஒவ்வொன்றிலும் எண்ணெய் ஊற ஊறப் பூச வேண்டும். தண்ணீர் குடிக்கிற இடம் அதுதான்.

திருகாணி மட்டும் 316 என்ற தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடல் உப்புக்கு 304 தரம்கூடச் செம்புள்ளி போடும். நம்முடையதும் 12க்கு 16 அடி என்றால், சட்டத்துக்கு இரண்டாக ஒரு பலகைக்கு 26, மொத்தம் 676, எழுநூறாக வாங்குங்கள். துளை போட்டுத்தான் முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அயனி முனையில் பிளக்கும்.

ஆசாரியிடம் வெள்ளை நீக்கிய பலகைக்குக் கன அடி என்ன விலை என்று கேட்டு எழுதுங்கள். பணத்தைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

அன்புத் தம்பி